எங்கள் தெருவின் முதுகுப்புறம்

எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே ஓடும் பின்சந்தில் இந்த மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கவில்லை. ஆடி மாதத்தில் அடைமழை பிடித்துக்கொண்ட நாட்களில்கூடக் கணுக்கால் அளவுக்கு ஏறிய தண்ணீர், மழை விட்ட சிறிது நேரத்தில் வடிந்துவிட்டது. மியான்மரின் யங்கோன் (பழைய ரங்கூன்) நகர மையத்தில் குடியிருப்பவர்களிடம் இதைச் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். வேறு ஊர்களில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கோ, ஒரு சந்தில் தண்ணீர் வடிந்ததெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றலாம். எங்களுக்கு இது செய்திதான். எப்படி நடந்தது, யார் யார் செய்தார்கள், இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பதை எழுதி வைத்தால் நன்றாக இருக்கும் என்று தெருக்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது பபெடான் வட்டாரம். தமிழர்கள் 1871-இல் கட்டிய ஸ்ரீ காளியம்மன் கோயில் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. 26ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடம், 30ஆம் தெருவில் ஷியாக்களின் மொகல் பள்ளிவாசல், ஷ்வே பொந்தா தெருவில் சூரத்தி சுன்னிகளின் பள்ளிவாசல் என்று எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கோயில் நிற்கும் அனவ்ரட்டா சாலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்கிறார்கள். 1852-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்த பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்த்த அனுபவத்தோடு வந்த மான்ட்கோமரி என்ற மருத்துவர் புதிய நகரத்துக்குத் திட்டம் வகுத்தார்; பிரேசர் என்ற இராணுவப் பொறியாளர் அதைத் திருத்தி, கோடு போட்டு, நிலத்தில் இறக்கினார். அகலமான சாலைகளுக்குப் பெயர் வைத்தவர்கள், 30 அடி அகல உள்தெருக்களுக்கு எண் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்கு எண் மட்டும்தான் உண்டு. அதன் பின்சந்துக்கு அதுவும் இல்லை.

இப்படி எண்ணிட்ட இரண்டு தெருக்களின் வீடுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும். அந்த முதுகுகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து அடி அகலத்தில் நீளமாக ஒரு சந்து விடப்பட்டிருக்கும். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஒரு காலத்தில் வீட்டுக் கழிவை வாளியில் எடுத்துச் செல்லும் தொழிலாளி முன்வாசல் பக்கம் கண்ணில் படாமல் வந்து போவதற்கான வழி அது. அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களே பெரும்பாலும் இருந்தார்கள். அவர்களில் தெலுங்கர் மிகுதி. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4,00,000. அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நம்மவர்களின் வட்டிக்கடைகளையும் அரிசி வியாபாரத்தையும் பற்றிப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இந்தச் சந்துகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை என்பது என்னுடைய பழைய குறை. யங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை 2012-இல் தொடங்கி, பின்னர் முக்கியமான கட்டிடங்களில் நீல நிறப் பலகைகளைப் பதித்திருக்கிறது, நல்ல வேலை. ஆனால் பலகை எப்போதும் கட்டிடத்தின் முகத்தில்தானே இருக்கும்!

கழிவுநீருக்குக் குழாய் வராமல் போகவில்லை. 1890 வாக்கிலேயே நகர மையத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. தரை சமதளமாக இருந்ததால், அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு கழிவைத் தள்ளும் ஷோன் என்பவரின் முறையைக் கையாண்டார்கள். அன்றைக்கு அது ஆசியாவிலேயே முன்னோடியான வேலைகளுள் ஒன்று. 40,000 பேருக்கென்று திட்டமிடப்பட்ட அந்த அமைப்பு நூற்றாண்டைக் கடந்தும் உழைத்தது. அதன் முனையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் 2005-இல்தான் வந்தது. அந்தக் குழாயோடு இணையாத வீடுகளும் ஏராளம். அவற்றுக்குச் செப்டிக் டேங்க். அது நிறைந்தால் வழிவது பின்சந்துச் சாக்கடையில்.

இதற்கு மேல் 1990-களின் கட்டிட வேலைகள் வந்தன. இரண்டு மூன்று மாடிகளாக இருந்த பழைய வீடுகளை இடித்துவிட்டு, அதே அகலத்தில் ஆறு, ஏழு, எட்டு மாடிகளை ஏற்றினார்கள். பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பங்கள் வந்தன. பின்னால் இருந்த சாக்கடை மட்டும் தாத்தா காலத்து அகலத்திலேயே இருந்தது. ஏழாம் மாடியில் இருக்கும் வயதானவர் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு, செங்குத்தான படிகளில் இறங்கி, தெருமுனை வரை நடந்து, மறுபடியும் ஏறி வர வேண்டும். அல்லது சமையலறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் போதும். எல்லோருக்கும் நாகரிகம் தெரியும்தான். ஆனாலும் முழங்கால் வலிக்கு முன்னால் நாகரிகம் எத்தனை நாள் நிற்கும்? இப்படித்தான் சந்து முழுவதும் குப்பையாகி, எலி பெருகி, பின்பக்க ஜன்னல்களை ஆண்டு முழுவதும் மூடியே வைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

மழைநீர் விஷயத்தை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ள, ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யங்கோனில் மே மாதம் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அதில் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதங்களில். நகர மையத்தின் வடிகால்கள் தெற்கே ஸ்ட்ராண்ட் சாலையைத் தாண்டி ஆற்றில் விழுகின்றன. அந்த ஆறு கடல் ஏற்றவற்றத்துக்குக் கட்டுப்பட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்தின்போது ஆற்று நீர்மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிடும். அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. ஆகவே எங்களுக்குக் கிடைப்பது இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உள்ள சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்துக்குள் சந்திலிருந்து தெரு வடிகாலுக்கும், தெரு வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிட வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை குறுக்கே படுத்தால் போதும், காலையில் கீழ்த்தளத்து வீட்டு அடுப்படியில் தண்ணீர் நிற்கும்.

பின்சந்தைச் சுத்தம் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. 2016, 2017 ஆண்டுகளில் நகர மையத்துப் பின்சந்துகளைப் பற்றி ஊரே பேசியது. அப்போது தோ எய்ன் என்ற நிறுவனம், குடியிருப்பவர்களையும் பணம் போடச் செய்து, சில சந்துகளைத் தோட்டங்களாகவும் குழந்தைகள் விளையாடும் இடங்களாகவும் மாற்றிக் காட்டியது. சுவரில் ஓவியம், தரையில் வண்ணக் கல், தொட்டிச் செடி, ஊஞ்சல் என்று அந்தச் சந்துகளைப் பார்த்தால் இதே ஊர்தானா என்று கேட்கத் தோன்றும். அதைப் பார்த்த எங்கள் தெருக்காரர்களும் உற்சாகத்தில் பணம் திரட்டினார்கள். எங்களுக்கு வழிகாட்ட எவரும் இல்லை. நாங்களே குப்பையை வாரினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், ஒரு பையன் மயில் வரைந்தான். அடுத்த மழைக்காலத்தில் மயில் கழுத்து வரை பாசி பிடித்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு சந்து பழைய நிலைக்கே திரும்பியது. மக்களுக்கு ஒழுக்கம் போதாது என்று ஆளுக்கு ஆள் சலித்துக்கொண்டார்கள். நோய்க்காலம் வந்தது, பிறகு என்னென்னவோ வந்தன. சந்தைப் பற்றிப் பேசுவாரில்லை.

இந்த முறை திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினோம். மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்பதால் அதைவிட்டால் வேறு பொழுது கிடையாது. தொடங்கி வைத்தவர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தலாவிலிருந்து தினமும் படகேறி வரும் ஒரு தமிழ்க் கொத்தனார். எங்கள் கட்டிடத்தில் வேறு வேலைக்கு வந்தவர். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கேட்டார். தெற்கே ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளமாகப் பிடித்து, இரு முனைகளிலும் நீர்மட்டத்தைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே சந்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போனார். நடுவில் ஓரிடத்தில் நின்று, சாக்கடையின் அடித்தளம் முனையைவிட ஒரு சாண் உயர்ந்திருப்பதைக் காட்டினார். எப்போதோ யாரோ பின்பக்க அடுப்படியை நீட்டிக் கட்டியபோது, சாக்கடைக்கு மேலே சிமெண்ட் போட்டு மூடியதோடு அதன் தரையையும் உயர்த்திவிட்டிருக்கிறார்கள். “நீங்க எத்தனை தடவை வாரினாலும் தண்ணி மேட்டுக்கு ஏறாதுங்க அண்ணே,” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்தது என்றால் மிகையல்ல. தோட்டம் போட்ட சந்துகளில் பார்த்ததையெல்லாம் நாங்கள் தரைக்கு மேலே மட்டுமே பார்த்திருக்கிறோம். வெள்ளை அடிப்பதற்கும் செடி வைப்பதற்கும் ஆள் வருவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். சாக்கடையின் வாட்டத்தைச் சரிபார்க்க எவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிய அங்கே ஒன்றும் இருக்காது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி இந்த முறை கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைக்கே போயிற்று. அதற்கு முணுமுணுத்தவர்களும் உண்டு.

மூடியிருந்த சிமெண்ட்டை உடைத்தபோது உள்ளே இருந்தவற்றைப் பார்க்கத் தெருவே கூடியது. அடியில் கருஞ்சேறு, அதன்மேல் படிந்த பிளாஸ்டிக் பைகள் பிய்க்க முடியாத ஒரே பாளமாக இறுகிக் கிடந்தன. நடுநடுவே இடித்த பழைய வீட்டின் ஓட்டுத் துண்டுகள், அரிசிச் சாக்கு, குடைக் கம்பி, யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்புகள். மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டி, சந்தின் குறுகிய வாய் வழியாகத் தோளில் தூக்கித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. உயர்ந்திருந்த அடித்தளத்தை வெட்டி எடுத்து, புதிதாக வாட்டம் கொடுத்துப் பூசினார்கள். மேலே மறுபடியும் நிரந்தரமாக மூடுவதில்லை என்று முடிவாயிற்று. இரண்டு பேர் தூக்கக்கூடிய அளவில் சிறிய சிலாப்புகளாக வார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி வளையங்கள் வைத்துப் பரப்பியிருக்கிறோம். தூக்கிப் பார்க்க முடியாத மூடி எதையும் சாக்கடைமேல் போடக் கூடாது என்பதுதான் இப்போது எங்கள் சந்தின் முதல் சட்டம். தெரு வடிகாலில் சேரும் இடத்தில் ஒரு கம்பிவலையும் உண்டு. அதில் சேர்வதை எடுப்பதற்குக் கட்டிடத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருக்கிறோம்.

அடுப்படியை நீட்டிக் கட்டிய வீட்டுக்காரர்கள் இடிக்கச் சம்மதித்தார்களா என்று கேட்பீர்கள். முழுவதுமாக இல்லை. சாக்கடைக்கு மேலே வந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை விட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். சட்டப்படி அதுவும் ஆக்கிரமிப்புதான். ஆனால் முழுவதையும் இடிக்க வைத்திருந்தால் அடுத்த பத்தாண்டுகளுக்கு அவர்கள் எங்களோடு பேசியிருக்க மாட்டார்கள். சாக்கடையைத் தினம் பார்க்கும் இடத்தில் இருப்பவர்களோ அவர்கள்தான். நான் இந்த ஏற்பாட்டை ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன்.

இனி குப்பை. யங்கோனின் தெருக்களில் நடந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: மேல்மாடிகளின் முகப்பிலிருந்து நடைபாதை வரை கயிறுகள் தொங்கும், கீழ் நுனியில் காகிதம் செருகும் கிளிப்பு ஒன்று இருக்கும், கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். செய்தித்தாள், மின்கட்டணச் சீட்டு, சாவி, டீக்கடையிலிருந்து வரும் பொட்டலம் என்று எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும். ஏறுவது போல இறங்கவும் செய்யலாமே என்று யோசித்தவர் எங்கள் எதிர்க் கட்டிடத்தின் ஆறாம் மாடியில் இருக்கும் ஒரு பர்மியப் பெரியம்மா. ஜன்னல் வழியே பின்பக்கம் எறிந்துகொண்டிருந்தவர்களில் தாமும் ஒருவர் என்று கூட்டத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் இந்த யோசனையை முன்வைத்தார்.

இப்போது குப்பை வண்டி தெருவுக்குள் நுழையும் நேரத்துக்குச் சற்று முன்னால், கீழே உள்ள டீக்கடையில் வேலை செய்யும் ஒரு பையன் வரிசையாகக் கயிறுகளை இழுத்துக்கொண்டே போவான். மேலே மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். முகப்புகளில் தலைகள் தோன்றும், “இதோ விடுறேன், தம்பி!” என்று தமிழிலும் பர்மியத்திலும் இந்துஸ்தானியிலும் குரல்கள் கேட்கும், கட்டிய பைகள் ஆடியபடி இறங்கும். அவன் கிளிப்பைக் கழற்றிப் பையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கயிற்றுக்குப் போவான். எடை தாங்காதென்று கிளிப்புக்குப் பதிலாகக் கொக்கி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இதற்காக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதந்தோறும் இரண்டு டீயின் விலையை வாங்கிச் சேர்த்து அவனுக்குக் கொடுக்கிறோம். டீக்கடை முதலாளி தமக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே எட்டிப் பார்ப்பதால் தமக்கு வியாபாரம் கூடியிருக்கிறது என்பது அவர் கணக்கு.

பின்பக்கம் விழும் குப்பை முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. இரவில் இன்னும் ஒன்றிரண்டு பைகள் விழுகின்றன. எந்த ஜன்னல் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள், பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். முன்பு மலைபோல் கிடந்த இடத்தில் ஒன்றிரண்டு பைகள் என்பது காலையில் எடுத்துப் போடக்கூடிய அளவுதான்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வாய்ச்சண்டை நடந்தது குழாய்களைப் பற்றி. ஒவ்வொரு கட்டிடத்தின் பின்சுவரிலும் மேலிருந்து கீழ் வரை கழிவறைக் குழாய் ஒன்று இறங்குகிறது. நாலாம் மாடியில் அதன் இணைப்பு விட்டுப்போனால், ஒழுகுவது நாலாம் மாடிக்காரருக்குத் தெரியாது. மூன்றாம் மாடிச் சுவர் ஊறும், கீழ்த்தளத்துக்காரர் தலையில் சொட்டும். பழுது பார்க்கும் செலவு யாருடையது? உடைந்த இடத்து வீட்டுக்காரருடையது என்று மற்றவர்கள் சொல்வார்கள். மேலே நாலு வீட்டுக் கழிவு வருகிறதே, நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்பார். இந்த வழக்கில் ஒரு கட்டிடத்தின் குழாய் ஆண்டுக்கணக்கில் துணி சுற்றிய நிலையிலேயே இருந்தது. இதைப் பற்றி ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. கடைசியில் நாங்களே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம்: குழாய் எந்த மாடியில் விட்டாலும், அந்தக் குழாயில் இணைந்த எல்லா வீடுகளும் சமமாகப் பங்கு போட வேண்டும், கீழ்த்தளம் தனி இணைப்பு வைத்திருந்தால் அதற்கு விலக்கு. காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார்ப் பெட்டியின்மேல் அதன் நகல் ஒட்டப்பட்டிருக்கிறது. சுவர் காய்ந்த பிறகுதான் வெள்ளையடித்தோம். முன்பு மயில் அழிந்ததற்கு மழை காரணமல்ல, உள்ளிருந்து ஊறிய இந்தத் தண்ணீர்தான்.

செடிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சந்தில் நேர்வெயில் விழுவது உச்சிப்பொழுதில் சிறிது நேரம் மட்டுமே. ஆசைப்பட்டுப் போட்ட புளிச்சக்கீரை நோஞ்சானாக நீண்டு, நாலு இலையோடு படுத்துவிட்டது. அதை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டோம், அங்கே தழைத்து எல்லார் வீட்டு அடுப்புக்கும் போகிறது. பர்மியர் வீட்டுச் சின்பவுங் குழம்புக்கும் எங்கள் வீட்டுத் துவையலுக்கும் அதே கீரைதான். கீழே கற்பூரவல்லியும் மணிபிளாண்ட்டும் ரம்பையும் தாக்குப்பிடிக்கின்றன.

தொட்டிகள் வந்தவுடன் கொசுவைப் பற்றிய கவலையும் வந்தது. இதில் எங்கள் தெருவில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருந்தது: சாக்கடை நாற்றம் போய்விட்டதால் டெங்குவும் போய்விடும் என்று பலர் நம்பினார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாறும் சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீர் தேங்கும் இடத்தில்தான் முட்டையிடும். பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத தண்ணீர் டிரம், சாமி படத்துக்கு முன் வைக்கும் பூஜாடி, மொட்டைமாடித் தொட்டி, இவைதான் அதற்கு வீடு. சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். அது இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். ஏடிஸ் பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். மின்சாரம் முறைவைத்து வருகிற இந்நாட்களில் மோட்டார் எப்போது ஓடும் என்று தெரியாததால், எல்லா வீட்டிலும் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைக்கிறோம்; ஆகவே மூடியில்லாத டிரம்தான் எங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறோம். வகுப்பு முடிந்து வீடு வந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு தொட்டித் தட்டாகப் பார்த்து, புழு நெளிந்தால் வீட்டுக்காரர் முன்னாலேயே கவிழ்த்துவிடுகிறார்கள். பெரியவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

சந்தின் இரு முனைகளிலும் கம்பிக் கதவு இருக்கிறது. பூட்ட வேண்டுமா, திறந்து வைக்க வேண்டுமா என்பதில் இரண்டு கட்சிகள். பூட்டினால் திருடரும் குப்பை கொட்டும் வெளியாரும் வரமாட்டார்கள். ஆனால் நடுமாடியில் தீப்பிடித்தால்? முன்பக்கத் தெருவில் இருபுறமும் கார் நிற்கிறது. தீயணைப்பு வண்டி நுழைவதே பெரும்பாடு. பின்சந்துதான் தப்பிக்கும் வழி, குழாயை இழுத்துவரும் வழியும் அதுவே. இரவில் மட்டும் பூட்டுவது, சாவிகள் டீக்கடையிலும் இரு முனைகளின் கீழ்த்தள வீடுகளிலும் தொங்குவது என்று முடிவு செய்து, தீயணைப்பு எண்ணான 191-ஐக் கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பூட்டே வேண்டாம், உள்பக்கம் கைவிட்டுத் திறக்கும் தாழ்ப்பாள் போதும் என்பதே என் கருத்து. வாக்கெடுப்பில் தோற்றேன்.

வாக்கெடுப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2014 டிசம்பரில் யங்கோனின் மாநகராட்சியான நகர வளர்ச்சிக் குழுவுக்குத் தேர்தல் நடந்தபோது வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு வாக்கு தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ போயிற்று. 2019 மார்ச்சில் நடந்த அடுத்த தேர்தலில்தான் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு வந்தது. எங்கள் சந்துக் கூட்டத்திலும் முதலில் வீட்டுக்கு ஒருவர் என்றுதான் தொடங்கினோம். வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். சந்துப் பக்கம் ஜன்னல் வைத்த அடுப்படிக்குள் அவர்கள் நுழைந்ததே இல்லை. இரண்டாவது கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், வந்த எல்லோருக்கும் கையுயர்த்தும் உரிமை உண்டு என்று மாற்றினோம். கயிற்று யோசனையும் குழாய்ப் பங்கீடும் அதற்குப் பிறகு வந்தவைதாம்.

விளக்குக்குச் சூரிய ஒளி விளக்குகள் சில வாங்கி மாட்டியிருக்கிறோம். சந்தில் வெயில் போதாததால் பலகையை மொட்டைமாடியில் வைத்துக் கம்பியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. எரிகின்றன.

இனிப் பாக்கி வேலை. சந்தின் வடக்கு முனையில் உள்ள கட்டிடங்கள் இன்னும் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அங்கே கீழ்த்தளங்கள் முழுவதும் சரக்கு வைக்கும் கிடங்குகள். சாவி வைத்திருப்பவர் வேறு, வாடகைக்கு எடுத்தவர் வேறு, உரிமையாளர் வெளிநாட்டில். அந்தப் பகுதியில் சாக்கடை இன்னும் பழைய சிமெண்ட்டுக்குள்தான் கிடக்கிறது. மழை பலமானால் அங்கிருந்து வரும் அட்டைப் பெட்டிகள் எங்கள் கம்பிவலையில் வந்து நிற்கின்றன. கிடங்குக்காரர்களைத் தீபாவளிக்குள் ஒரு முறை கூட்டிப் பேசுவது என்றும், அவர்கள் சிமெண்ட்டை உடைக்கச் சம்மதித்தால் சிலாப்பு வார்க்கும் கூலியில் பாதியை எங்கள் பக்கத்துப் பணத்திலிருந்தே கொடுத்துவிடுவது என்றும் போன கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. கொத்தனார் கம்பியும் சிமெண்ட்டும் விலை விசாரித்துக் கணக்குப் போட்டுத் தந்துவிட்டார். மழை நின்று சாக்கடை காய்ந்தவுடன் வேலையைத் தொடங்கினால்தான் அடுத்த மழைக்கு முன் முடியும் என்கிறார். வடக்கு முனைக் கிடங்குகளின் உரிமையாளர்களை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கூட்டம் நடக்கப்போவதை அவர்கள் காதில் போட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.